சீட்டைத் தொடாதே என்று சொன்ன டீச்சர் எழுதுவது

பதிவு கொஞ்சம் நீளம். "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். சின்னமனூர் வீட்டுத் தாழ்வாரத்தில் பேரன், பேத்தி, பக்கத்து வீட்டுப் பையன், நான் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து, கையில் அட்டைகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருக்கும் படம். லீவுக்குப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று காட்டத்தான் போட்டேன். அரை மணி நேரத்தில் பதில்கள் வந்து குவிந்துவிட்டன.

சித்தப்பா மகன் எழுதியது: "டீச்சர் வீட்லயே சீட்டுக் கச்சேரியா?" கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனே போட்டுவிட்டாள். "அக்கா, அதுல பேய், எலும்புக்கூடுன்னு என்னென்னமோ இருக்கு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா நடுவீட்ல வச்சு என்னக்கா இது?" மூன்றாவது பதில் ஒரு பழைய மாணவியுடையது. "டீச்சர், நாங்க ஏழாவது படிக்கிறப்ப சீட்டைத் தொட்டா கை அழுகிப்போகும்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது அம்மா. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த விளையாட்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன். மருமகன் பெங்களூரில் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. பெயர் பாஸ் மான்ஸ்டர். அமெரிக்காவில் 2013-இல் வெளிவந்தது. 1980-களின் வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாக வரைந்த படங்கள். நாம் சின்ன வயதில் கேட்ட கதைகளில் ராஜகுமாரன் பாதாளத்துக்குள் இறங்கிப் பூதத்தைக் கொன்று புதையலை எடுத்து வருவான் அல்லவா? இதில் அதைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். விளையாடுகிற நாம்தான் பூதம். நம் பாதாளச் சுரங்கத்தை நாமே அறை அறையாகக் கட்ட வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 5 அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் அட்டை. அந்த அறை எவ்வளவு அடி கொடுக்கும் என்று ஓர் எண், அங்கே என்ன புதையல் இருக்கிறது என்று ஒரு சின்னம்.

ஊருக்குள் வீரர்கள் வந்து நிற்பார்கள். சண்டைக்காரனுக்கு வாள் மேல் ஆசை, மந்திரவாதிக்குப் புத்தகம், பூசாரிக்குச் சமயச் சின்னம், திருடனுக்குப் பணமூட்டை. யாருடைய சுரங்கத்தில் தனக்குப் பிடித்த சின்னம் அதிகமாக இருக்கிறதோ, அங்கேதான் போவான். ஒவ்வோர் அறையிலும் அடி வாங்கிக்கொண்டே உள்ளே வருவான். கடைசி அறைக்குள் அவன் உயிர் தீர்ந்தால் நமக்கு ஒரு ஆன்மா. பிழைத்து வந்துவிட்டால் நமக்கு ஒரு காயம். 10 ஆன்மா சேர்ந்தால் வெற்றி, 5 காயம் பட்டால் வெளியே. ஆசை காட்டி இழுத்தால் மட்டும் போதாது, வந்தவனைச் சமாளிக்கவும் தெம்பு வேண்டும். புதையலை மட்டும் அடுக்கிவிட்டு அடியைக் கவனிக்காதவன் தோற்றுப்போவான். கல்யாணத்துக்குப் பத்திரிகையை ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டு இலைக்கு எண்ணாத வீட்டுக்காரன் மாதிரி.

தங்கையின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பேய், பூதம், எலும்புக்கூடு. அதிலும் பிள்ளைகளே பூதமாக உட்கார்ந்து ஆடுவது சரியா?

நீயும் நானும் திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடினோமே, மறந்துவிட்டாயா? 3 புலி, 15 ஆடு. நீ எப்போதும் புலிதான் வேண்டும் என்று அழுவாய். புலியாக ஆடியதால் நீ யாரையும் கடித்ததில்லை. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ராவணன் வேஷம் போட்ட பையன்களெல்லாம் இன்று நல்ல அப்பாக்களாக, நல்ல அதிகாரிகளாக இருக்கிறார்கள். பயத்தைக் கையில் எடுத்து வைத்து விளையாடுவது பிள்ளைகளுக்குப் பழைய வழக்கம். வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதையைச் சொல்லித்தானே அம்மா நம்மைத் தூங்க வைத்தாள்?

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. இந்தப் பாதாள விளையாட்டுகளுக்கெல்லாம் மூலம் 1974-இல் அமெரிக்காவில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1980-களில் அது பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோய்விடும் என்று அங்குள்ள பெற்றோர் பலர் நடுங்கினார்கள். அன்று ஆடிய பிள்ளைகள் இன்று தங்கள் பேரப் பிள்ளைகளுடன் அதே விளையாட்டை ஆடுகிறார்கள். எனவே பேயை விட்டுவிடலாம். பேத்திக்கு மட்டும் வீரன் சாவது பிடிக்கவில்லை. "சாக வேணாம் அம்மாச்சி, மயங்கி விழட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எல்லோரும் மயங்கித்தான் விழுகிறார்கள்.

இப்போது சீட்டு. இதை எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது.

சொந்தக்காரர்களில் வயதானவர்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா சீட்டாடினார். சாயங்காலம் ஆனால் அரிசி மில்லின் பின்பக்கம் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். மங்காத்தா. உள்ளே, வெளியே. வாய்க்கால் ஓரத்தில் எங்களுக்கு இருந்த அரை ஏக்கர் வயல் அப்படித்தான் போனது. அம்மாவின் தோடு அதற்கு முன்பே போய்விட்டது. இரு போகம் விளைந்த வயல் அது. அந்த வயலைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேன். வேறு ஒருவர் அதில் நாற்று நட்டுக்கொண்டிருப்பார். அந்த வழியே நடந்த ஒரு சின்னப் பெண், பிறகு கணக்கு டீச்சராகி வகுப்பில் நின்று "சீட்டைத் தொட்டால் கை அழுகிப்போகும்" என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை. அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அந்தப் பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1990-களில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் டெஸ்க்குக்கு அடியில் எதையோ வைத்துப் பக்கத்துப் பையன்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். போய்ப் பிடுங்கினேன். தீப்பெட்டி அட்டைகளை வெட்டி, பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, 40-க்கு மேல் சீட்டு செய்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா படம். சேரன், சோழன், பாண்டியன், திப்பு, ஷாஜகான். கீழே யானை இத்தனை, குதிரை இத்தனை, கோட்டை இத்தனை என்று நீலப் பேனாவால் எண்கள். எத்தனை நாள் உட்கார்ந்து செய்தானோ தெரியாது. "சீட்டா? என் வகுப்பிலா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் நான்கு நான்காகக் கிழித்து ஜன்னல் வழியே போட்டேன். அவன் அழவில்லை. இண்டர்வெல் மணி அடித்ததும் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து பையில் வைத்துக்கொண்டான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்தச் சீட்டுகளில் காசு எதுவும் இல்லை. சரித்திரப் பாடம்தான் இருந்தது, அதுவும் யாரும் சொல்லாமல் அவனாகவே படித்த பாடம். நான் கிழித்தது அவனுடைய ராஜாக்களை. மனதில் கிழித்தது எங்கள் அப்பாவின் சீட்டுக்கட்டை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆனது.

புரிய வைத்தது என்ன தெரியுமா? சில வருடங்களுக்கு முன்னால் இன்னொரு மாணவன் வீட்டுக்கு வந்தான். நல்ல வேலையில் இருந்தவன், படிக்கும்போது என்னிடம் ஒரு அடிகூட வாங்காதவன். "டீச்சர், ஒரு அவசரம், ஐயாயிரம் இருக்குமா?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். விசாரித்தால் செல்போனில் ரம்மி. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் ஆடியிருக்கிறான். அவன் வீட்டில் ஒரு சீட்டுக்கட்டுகூடக் கிடையாது. சீட்டைத் தொடாதே என்று நான் சொன்னதை அவன் சரியாகக் கேட்டிருக்கிறான். அவன் தொட்டது கண்ணாடித் திரையை மட்டும்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்? "காசு வைக்காதே" என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுத்தது "அட்டையைத் தொடாதே". வீட்டின் பின்வாசலைப் பூட்டிவிட்டு முன்வாசலைத் திறந்து வைத்த கதை.

சட்டமும் இந்தக் கோட்டைத் தேடித்தான் இத்தனை காலம் அலைந்திருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொன்னது. தமிழக அரசு 2022-இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றை அந்தத் தடையில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வேறு வழியில் போனது. திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்தது. வக்கீல்கள் வாதம் செய்யட்டும். வீட்டுக்குள் நமக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இதில் காசு இருக்கிறதா? இருந்தால் ஒரு ரூபாயானாலும் வேண்டாம். புளியங்கொட்டை வைத்து எண்ணிக்கொள்ளலாம். சித்தப்பா மகனே, உன் கேள்விக்கு இதுதான் பதில். எங்கள் கச்சேரியில் ஜெயித்தவனுக்கு ஒரு கடலைமிட்டாய், தோற்றவனுக்கும் ஒரு கடலைமிட்டாய்.

இனி, அந்த விளையாட்டில் என்னை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டியில் உள்ள விதிப்படி அறை அட்டைகளைக் கட்டிலிருந்து உருவ வேண்டும். என்ன வருகிறதோ அது. பேரனுக்கு அது பிடிக்கவில்லை. "லக்கு ஜாஸ்தி அம்மாச்சி" என்றான். செவன் வொண்டர்ஸ் என்று இன்னொரு விளையாட்டு. பிரான்சைச் சேர்ந்த ஆன்டுவான் பௌசா என்பவர் உருவாக்கி 2010-இல் வந்தது. அதில் பார்த்த முறையை இதில் கலந்துவிட்டான். பிள்ளைகள் அந்த முறையை டிராஃப்ட் என்கிறார்கள். நான் "எடு, கொடு" என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஆளுக்கு 5 அட்டை. எல்லோரும் தங்கள் கையிலிருந்து ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மீதி 4 அட்டைகளை இடது பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். வலது பக்கத்திலிருந்து நமக்கு 4 வரும். அதில் ஒன்றை எடுத்து மீதி 3-ஐ நகர்த்த வேண்டும். இப்படியே கடைசி அட்டை வரை. 4 பேர் ஆடினால் ஒரு வேடிக்கை இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் நான் 5-இலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு கொடுத்த கட்டு, மற்ற மூன்று பேரையும் சுற்றிவிட்டு, ஒரே ஓர் அட்டையுடன் என்னிடமே திரும்பி வரும். மூன்று பேரும் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவைத்த அட்டை. எதை யார் எடுத்திருப்பார்கள் என்று அந்த ஒற்றை அட்டையைப் பார்த்தே ஊகிக்கலாம்.

பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க ஆடுவோம். அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. தாயக்கட்டை சொல்கிறது, காய் ஏறுகிறது, பாம்பு இறக்குகிறது. விதியைப் பற்றிய பாடம் அது, நல்ல பாடம்தான். சாதாரணச் சீட்டில் "எனக்குக் கை சரியில்லை" என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்த எடு-கொடுவில் அந்தச் சாக்கு கிடையாது. நல்ல கையும் கெட்ட கையும் எல்லோர் மடியிலும் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுப் போகிறது. மேஜிக் த கேதரிங் என்று ஒரு சீட்டு விளையாட்டு உலகமெங்கும் புகழ்பெற்றது. அதை 1993-இல் உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதையும் இப்படி அட்டைகளைச் சுற்றிவிட்டு ஆடுகிறார்கள். கணக்கு டீச்சருக்கு இதைக் கேட்டதில் ஒரு சந்தோஷம்.

முதல் நாள் ஆடும்போது பேரனுக்கு இடது பக்கம் பேத்தி. அவனுக்கு 13 வயது, அவளுக்கு 8. அவன் எடுத்ததுபோக மீதிதான் அவளுக்கு வரும். தனக்கு வேண்டியதை எடுத்ததோடு அவன் விடவில்லை. தனக்கு வேண்டாம், ஆனால் அவளுக்குப் போனால் அவள் ஜெயித்துவிடுவாள் என்று தெரிந்த அட்டைகளையும் எடுத்து அமுக்கினான். அவளுக்குப் போனதெல்லாம் சொத்தை. உதடு பிதுங்கிவிட்டது. "இது என்ன அம்மாச்சி, அவன் வேணும்னே பண்றான்!"

எனக்கு அந்த நேரத்தில் நம் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கே ஒரு சுரங்கத்தால் பிழைக்கிற ஊர். மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை பென்னிகுவிக் கட்டிய அணை தடுத்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அது 1895 முதல் கிழக்கே நம் பக்கம் வருகிறது. லோயர்கேம்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. அதற்குப் பிறகு வைகை அணைக்குப் போய் மதுரைப் பக்கத்துக்கும் போகிறது. மேலே இருப்பவர் எடுத்துக்கொண்டது போக மீதிதான் கீழே இருப்பவருக்கு. தலைமடைக்காரர் மடையை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால் கடைமடைக்காரரின் நாற்று வாடும். இதற்காக நம் ஊர்களில் எத்தனை சண்டை, எத்தனை பேச்சுவார்த்தை! தண்ணீர் குறைந்த வருடம் முறைப்பாசனம் வைத்துக்கொள்ளவில்லையா? எடுத்துக்கொண்டு கொடுக்கிற பழக்கம் நமக்கு வயலிலிருந்து வந்தது.

இரண்டாவது சுற்றில் விதி மாறியது. இப்போது இடது பக்கம் கொடுக்கக் கூடாது, வலது பக்கம் கொடுக்க வேண்டும். செவன் வொண்டர்ஸிலும் அப்படித்தான். முதல் காலத்தில் ஒரு திசை, இரண்டாம் காலத்தில் எதிர்த் திசை, மூன்றாம் காலத்தில் மறுபடி பழைய திசை. ஒரே நொடியில் பேத்தி தலைமடை ஆகிவிட்டாள், பேரன் கடைமடை. அவள் நிதானமாக ஒவ்வோர் அட்டையையும் பார்த்து, அண்ணனுக்கு எது உதவாதோ அதை மட்டும் விட்டுவைத்துக் கொடுத்தாள். "பழி வாங்குறா அம்மாச்சி!" என்று அவன் கத்தினான். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் அவன் மனம் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். திருந்தவில்லை, அப்போதும் நல்லதைத்தான் எடுத்தான். ஆனால் மீதியைத் தங்கையிடம் நீட்டும் முன் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தான். முதல் சுற்றில் அந்தப் பார்வை இல்லை.

முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு பார்வையை வரவழைப்பது லேசான காரியம் இல்லை. "விட்டுக்கொடுத்துப் பழகு" என்று நான் ஆயிரம் தடவை வகுப்பில் சொல்லியிருப்பேன். விட்டுக்கொடுப்பதைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் நல்லவர்கள் மாதிரித் தலையாட்டுவார்கள். கொடுக்கிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் அடுத்தடுத்து உட்கார்ந்து பார்த்தால்தான் கடைமடையின் கஷ்டம் தெரியும். நிஜ வாழ்க்கையில் வாய்க்கால் திசை மாறி ஓடாது. மேலே பிறந்தவர் மேலேயே இருப்பார். விளையாட்டில் மட்டும்தான் பத்து நிமிஷத்தில் அதை மாற்றிக் காட்ட முடியும்.

இதை ஆடினால் மூளை வளரும், மார்க் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி விளம்பரம் செய்து விற்பவர்களை நம்பவும் வேண்டாம். மார்க்குக்குப் புத்தகம் இருக்கிறது. விளையாட்டைப் பாடமாக்கிவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் செல்போனுக்குத்தான் ஓடுவார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: நாலு பேர் எதிர் எதிரே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரு மணி நேரம் ஆடி, தோற்றவன் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டு எழுந்திருக்கும் ஓர் இடம் வீட்டில் இருக்கட்டும். போர்வைக்குள் தனியாக ஆடியவனுக்கு அப்படி ஓர் இடம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. இல்லாமல் போனதற்கு என் பங்கும் ஒன்று உண்டு என்று மட்டும் தோன்றுகிறது.

"இந்தப் பெட்டியெல்லாம் விலை அதிகம் டீச்சர், எல்லாம் இங்கிலீஷ் வேற" என்பீர்கள். உண்மைதான். அதனால் நாங்களே ஒன்று செய்தோம். நீங்களும் செய்யலாம். முறையைச் சொல்கிறேன்.

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடக்குமே, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவாக 80 அட்டை வெட்டுங்கள். 60 அட்டையில் அறைகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை ஓர் அடி எண், வாள், ஓலைச்சுவடி, உடுக்கை, பணமூட்டை இவற்றில் ஒரு சின்னம். அடி அதிகம் உள்ள அறைக்குச் சின்னம் வேண்டாம், அடி குறைந்த அறைக்கு இரண்டு சின்னம் கொடுங்கள். அப்போதுதான் எதை எடுப்பது என்று குழப்பம் வரும், குழப்பம்தான் விளையாட்டு. மீதி 20 அட்டையில் வருகிறவர்கள்: மல்லன், மந்திரவாதி, பூசாரி, திருடன். ஒவ்வொருவருக்கும் 5 முதல் 12 வரை உயிர் எண். சுற்றுக்கு ஆளுக்கு 5 அறை அட்டை. எடு, கொடு. எடுத்து முடித்ததும் 5 அறைகளை வரிசையாக அடுக்குங்கள். பிறகு வருகிறவர்களில் 5 பேரை ஒவ்வொருவராகத் திருப்புங்கள். அவரவருக்குப் பிடித்த சின்னம் எங்கே அதிகமோ அங்கே போவார். சமமாக இருந்தால் திரும்பிப் போய்விடுவார். 5 அறைகளின் அடியைக் கூட்டினால் அவர் உயிருக்குச் சமமாகவோ மேலேயோ வந்தால் உங்களுக்கு ஒரு புளியங்கொட்டை. வராவிட்டால் கையில் இருப்பதில் ஒன்று போய்விடும். மூன்று சுற்று. 4 பேருக்குச் சரியாக 60 அட்டை தீர்ந்துவிடும். அடுத்த சுற்றில் எடுத்த அட்டையைப் பழைய அறைமேல் வைத்து மாற்றிக் கட்டலாம். கொடுக்கும் திசையைச் சுற்றுக்குச் சுற்று மாற்ற மறக்காதீர்கள்.

பெயர்களைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுச் சுரங்கத்தில் "சுருளிப் பாசிப் படி" இருக்கிறது, காட்டு யானை அறை, மிளகாய்ப் புகை அறை, தேனீக்கூட்டு அறை எல்லாம் உண்டு. "மேகமலை அட்டை" என்று ஓர் அட்டை. அட்டையில் அட்டையா என்று பேத்தி அரை மணி நேரம் சிரித்தாள். "அம்மாச்சி கணக்குக் கேட்கும் அறை" என்று பேரன் ஒன்று எழுதினான். அதற்குத்தான் அடி அதிகம், 4. பக்கத்து வீட்டுப் பையன் அதை முதல் கையிலேயே எடுத்துவிடுகிறான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் சோபாவில் செல்போனோடு உட்காராதீர்கள். வட்டத்தில் உட்காருங்கள். பிள்ளையிடம் தோற்றுப் பாருங்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசி பெஞ்சில் டெஸ்க்குக்கு அடியில் ஏதாவது ஒளித்து வைத்திருந்தால் பிடுங்குங்கள், அது உங்கள் வேலை. ஆனால் கிழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் அதைப் படித்துப் பாருங்கள். சாயங்காலம் மணி அடித்ததும் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, தீப்பெட்டி அட்டையில் ராஜாக்களை வரைந்த அந்தப் பையனுக்கு. உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறாய், ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. அன்று நான் செய்தது தப்பு அப்பா. உனக்கு இப்போது பிள்ளைகள் இருப்பார்கள். இந்தப் பக்கம் வரும்போது கூட்டிக்கொண்டு வா. கல்யாணப் பத்திரிகை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். யானை இத்தனை, குதிரை இத்தனை என்று நீ போட்டிருந்த கணக்கை எனக்குச் சொல்லிக் கொடு, மறுபடியும் செய்து ஆடலாம்.

ஏழாம் வகுப்பு மாணவியே, உனக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கை அழுகவில்லை. நேற்றுகூட ஆடினேன். பேத்திதான் ஜெயித்தாள்.

உங்கள் வீடுகளில் சின்ன வயதில் என்ன ஆடினீர்கள், இப்போது என்ன ஆடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தவும் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்